மாருதமும் இரவல் அடுப்பும்

வால்பாறைக்கு வந்து நாலு நாள் ஆகிறது. ஆழியாற்றிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வந்ததில் கொண்டுவந்த முறுக்கெல்லாம் தூளாகிவிட்டது. என் தலை மட்டும் இன்னும் சுற்றுவதை நிறுத்தவில்லை. அத்தை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் எதிரே தேயிலைச் சரிவு. அதுவும் பனிமூட்டம் மனசு வைத்தால்தான் தெரியும். மனசு வைக்காத வேளையில் எதிர்வீட்டு வாசற்படிகூடக் கண்ணில் படாது.

அப்படியொரு காலையில்தான் இந்த வாரத்துச் சங்கதி ஆரம்பமாயிற்று. அத்தை கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். திடீரென்று மலைக்கு மேலே 'கடகட'வென்று ஒரு சத்தம். முறம் அதிர்ந்தது. நான் இடி என்று நினைத்து உள்ளே ஓடப் பார்த்தேன்.

"இடியில்லை அம்மிணி, சூலூர் விமானம்" என்றாள் அத்தை, கீரையிலிருந்து கண்ணை எடுக்காமலே.

"தேஜஸ், அப்பத்தா!" என்று உள்ளேயிருந்து திருத்தினாள் அவளுடைய பேத்தி.

இந்தப் பேத்தியைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். பிளஸ் டூ முடித்திருக்கிறாள். நல்ல மார்க். அவள் அப்பா எஸ்டேட் ஆபீஸில் கணக்கு எழுதுகிறவர். "மலையிலேயே கல்லூரி இருக்கிறது, பி.காம். சேர்ந்துவிடு, வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டு படிக்கலாம்" என்பது அவருடைய கட்சி. பெண்ணோ கோயம்புத்தூருக்குப் போய் விமானப் பொறியியல் படிக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். விடுதிக்கும் படிப்புக்கும் ஆகும் செலவைக் கூட்டிப் பார்த்த நாள் முதல் வீட்டில் யாரும் யாரோடும் சரியாகப் பேசுவதில்லை. அத்தை மட்டும் இரண்டு பக்கமும் தலையாட்டிக்கொண்டு கீரை ஆய்கிறாள்.

"பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்குடி ஆகாய விமானம்? அதெல்லாம் வெள்ளைக்காரன் செஞ்சு அனுப்புறது, நாம ஏறி உக்காந்துட்டுப் போறது" என்றாள் அத்தை.

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஓர் இருமல் கேட்டது.

"யாருங்க சொன்னது வெள்ளைக்காரன் செஞ்சதுன்னு? நான் செஞ்சிருக்கேனுங்க."

*

பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு எண்பத்தைந்து வயது. மகன் வீட்டில் இருக்கிறார். பொள்ளாச்சிப் பக்கத்துத் தச்சர் குடும்பம். இளவயதில் பிழைப்புத் தேடிப் பெங்களூருக்குப் போய், விமானத் தொழிற்சாலையில் மரவேலைக்குச் சேர்ந்தவர். இந்தத் தகவல் அத்தைக்கே புதிது! பதினைந்து வருஷமாக வேலி வழியே கறிவேப்பிலை வாங்கிக்கொண்டிருக்கிறாள்; ஆனால் மனிதர் விமானம் செய்தவர் என்று கேட்டறியவில்லை. நம் அக்கம்பக்கத்து லட்சணம் அப்படித்தான்.

"விமானத்திலே தச்சனுக்கு என்னங்க வேலை?" என்று கேட்டேன்.

"முதல்லே மரத்துலேதானுங்க அம்மிணி செஞ்சு பாத்தாங்க. எஞ்சினே கிடையாது. டகோட்டா விமானம் கயித்தைக் கட்டி இழுத்துட்டு மேலே போகும். மேலே போய்க் கயித்தை விட்டுருவாங்க. காத்துலே மெதந்துட்டு எறங்கும். அது சரியா எறங்கினாத்தான் அடுத்த வேலை."

எனக்கு அன்று மத்தியானம் தூக்கம் வரவில்லை. கல்லூரியில் சரித்திரம் படித்தவள் நான். பாபர் எந்த வருஷம் வந்தார் என்று கேட்டால் சொல்லிவிடுவேன். நம்முடைய நாட்டில் முதல் ஜெட் போர் விமானம் எப்படிப் பிறந்தது என்று கேட்டால் விழிப்பேன். ஆகையால் பெரியவர் சொன்னதையும் நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து உங்களுக்குச் சொல்கிறேன். பக்கத்தைத் திருப்பித் தொடர்கதைக்குப் போய்விடாதீர்கள். இதுவும் ஒரு தொடர்கதைதான்.

*

1940-ம் ஆண்டு டிசம்பரில், வால்சந்த் ஹீராசந்த் என்ற தொழிலதிபர் மைசூர் சமஸ்தானத்தின் ஒத்துழைப்போடு பெங்களூரில் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் என்ற தொழிற்சாலையைத் தொடங்கினார். யுத்த காலத்தில் அங்கே நடந்ததெல்லாம் பெரும்பாலும் பழுது பார்க்கும் வேலைதான். நம்முடைய சூலூரில்கூட அப்போது பிரிட்டிஷ் கடற்படை விமானங்களைப் பழுது பார்க்கும் பட்டறை ஒன்று இருந்தது.

சுதந்திரம் வந்த பிறகு, வி.எம். காட்கே என்ற விஞ்ஞானியின் தலைமையில் நம்மவர்களே வடிவமைத்த எச்.டி.-2 என்ற பயிற்சி விமானம் 1951 ஆகஸ்டில் பறந்தது. ஆனால் அது விசிறி சுழலும் சின்ன விமானம். உலகமோ அதற்குள் ஜெட் யுகத்தில் காலை வைத்துவிட்டது. பிரிட்டனின் வாம்பயர் ஜெட் விமானங்களை உரிமம் பெற்றுப் பெங்களூரில் செய்தார்கள். அது அடுத்த வீட்டுக் குறிப்பைப் பார்த்துச் சமைக்கிற மாதிரி. நம் கைப்பக்குவத்தில் சொந்தமாக ஒன்று வேண்டாமா என்று பிரதமர் நேரு நினைத்தார். இன்னொருவர் விமானத்தை நம்பியிருந்தால் அவர்களுடைய சொல்லையும் கேட்க வேண்டிவரும் என்பது அவருக்குத் தெரியும்.

குர்ட் டாங்க் என்ற ஜெர்மானியர் 1956-ல் பெங்களூருக்கு வந்து சேர்ந்தார். இரண்டாவது உலக யுத்தத்தில் பேர்பெற்ற ஃபோக்-வுல்ஃப் 190 விமானத்தை வடிவமைத்தவர். யுத்தத்தில் ஜெர்மனி தோற்றதும் அர்ஜெண்டினாவுக்குப் போய், அங்கே புல்கி என்ற ஜெட் விமானத்தைச் செய்தார். 1955-ல் அந்த நாட்டில் பெரோன் ஆட்சி கவிழ்ந்தது. அவருடைய குழு சிதறியது. வேலை தேடிய நிபுணரும் நிபுணரைத் தேடிய நாடும் சந்தித்துக்கொண்டார்கள்.

அவர் வந்து பார்த்தபோது ஜெட் போர் விமானம் செய்வதற்கான வசதிகள் பெங்களூரில் பெரும்பாலும் இல்லை. சோதனைக் கருவிகளிலிருந்து வடிவமைப்பாளர்கள் வரை எல்லாவற்றையும் புதிதாக உண்டாக்க வேண்டியிருந்தது. கூட வந்த ஜெர்மானியர்கள் சிலர். நம் இளைஞர்கள் சிலர். அவர்கள் 1959-ல் பறக்க விட்டதுதான் நம் பெரியவர் சொன்ன மர விமானம். உண்மையான விமானத்தின் அதே அளவு, அதே வடிவம். எஞ்சின் மட்டும் கிடையாது.

பிறகு உலோகத்தில் செய்த அசல் விமானம் 1961 ஜூன் 17-ந் தேதி பெங்களூர் வானில் ஏறியது. ஓட்டியவர் சுரஞ்சன் தாஸ் என்ற விமானப்படை அதிகாரி.  இயந்திரத்துக்கு எச்.எஃப்.-24 என்று எண். பெயர் 'மாருத்'. காற்றுக்கு நாம் மாருதம் என்று சொல்வதில்லையா? அந்தச் சொல்தான். வேலை தொடங்கிய ஐந்தே வருஷத்தில் இது நடந்தது.

"அன்னிக்கு ஃபேக்டரியிலே ஒருத்தரும் வேலை செய்யலீங்க. எல்லோரும் அண்ணாந்து பாத்துட்டு நின்னோம். எறங்கினப்புறம்தான் மூச்சே வந்துது" என்றார் பெரியவர்.

*

இந்த இடத்தில் கதை முடிந்து மங்களம் பாடியிருந்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கல்யாணமாகி வந்த பெண்ணின் கதை கல்யாணத்தோடு முடிந்துவிடுகிறதா, என்ன?

ஜெட் எஞ்சின் என்பது என்ன? பேத்தி அத்தைக்கு விளக்கியதை அப்படியே சொல்கிறேன். "அப்பத்தா, நீ ஊதுகுழல்லே அடுப்பை ஊதறியே, அந்த மாதிரி. முன்னாலே காத்தை இழுத்து, அமுக்கி, அதிலே மண்ணெண்ணெய் மாதிரி எண்ணெயைத் தெளிச்சுக் கொளுத்தறது. சூடான காத்து பின்னாலே பீச்சி அடிக்குது. விமானம் முன்னாலே போகுது. பின்னாலே போற அந்தச் சூட்டிலே இன்னொரு தடவை எண்ணெய் தெளிச்சுக் கொளுத்தினா இன்னும் வேகம்."

குர்ட் டாங்க் வரைந்த மாருத் ஒலியின் வேகத்தைப்போல் இரண்டு மடங்கு போக வேண்டிய விமானம். அந்த வேகத்துக்காக அவர் மனத்தில் வைத்திருந்தது பிரிட்டனில் உருவாகிக்கொண்டிருந்த ஓர்ஃபியஸ் 12 என்ற சக்தி வாய்ந்த எஞ்சின். பிரிட்டிஷ் கம்பெனிக்கு அதை வாங்குவார் இல்லாமல் போயிற்று. "செலவில் பங்கு கொடுங்கள், முடித்துத் தருகிறோம்" என்ற பேச்சு எழுந்தது. நம் சர்க்கார் அந்தப் பணத்தைக் கொடுக்க முன்வரவில்லை. எஞ்சின் பிறக்காமலே போயிற்று.

கையில் இருந்தது ஓர்ஃபியஸ் 703 என்ற சிறிய எஞ்சின். அதையே இரண்டாகப் போட்டு மாருத்தைப் பறக்கவிட்டார்கள். எவ்வளவு முக்கினாலும் ஒலியின் வேகத்தைத் தொட்டுப் பார்ப்பதோடு சரி. பத்துப் பேருக்குப் பாயசம் வைக்கிற உருளியை வாங்கிவிட்டு ஒற்றைத் திரி ஸ்டவ்வில் ஏற்றினால் எப்படி இருக்கும்? அந்தக் கதைதான்.

மாற்று எஞ்சினுக்குப் போகாத வாசல் இல்லை. சோவியத் எஞ்சினைப் பரிசோதித்தார்கள், பொருந்தவில்லை. எகிப்து தேசத்தில் ஓர் எஞ்சின் தயாராகிறது என்று நம்முடைய மாருத் ஒன்றையே அங்கே அனுப்பிவைத்தார்கள். 1969-ல் எகிப்து அந்த வேலையைக் கைவிட்டுவிட்டது.

இனி நம் கையே நமக்கு உதவி என்று, இருக்கிற எஞ்சினிலேயே இரண்டாவது தடவை எண்ணெய் கொளுத்தும் அமைப்பைப் பெங்களூரில் செய்து பொருத்திப் பார்த்தார்கள். அதைச் சோதிக்க ஏறியவர் அதே சுரஞ்சன் தாஸ். இப்போது குரூப் கேப்டன். 1970 ஜனவரி 10-ந் தேதி விமானம் மேலே கிளம்பிய சற்றைக்கெல்லாம் விழுந்தது. அவர் போய்விட்டார்.

இதைச் சொல்லும்போது பெரியவர் பேச்சை நிறுத்திக்கொண்டார். வாசற்படியில் பூண்டு உரித்துக்கொண்டிருந்த அவர் மனைவிதான் தொடர்ந்தார்.

"பொங்கலுக்கு நாலு நாளு இருந்துதுங்க அம்மிணி. இவரு சாயங்காலம் வந்து இப்படி உக்காந்தவருதான். பொங்கலன்னிக்கு ஊரு வழக்கம் விடக்கூடாதுன்னு பானை வெச்சேன். பொங்கி வந்துது. பொங்கலோ பொங்கல்னு சொல்ல ரெண்டு பேருக்குமே வாய் வரலீங்க. அந்த அம்மா வீட்டிலே என்ன பண்ணுவாங்களோன்னே நெனப்பு."

பெங்களூரில் விமானத் தொழிற்சாலையை ஒட்டிப் போகிற சாலைக்கு இன்று சுரஞ்சன் தாஸ் சாலை என்று பெயர். தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் அதில் பஸ் பிடிக்கிறார்கள்.

*

மாருத் தோற்ற விமானமா? அப்படிச் சொன்னால் பெரியவருக்குக் கோபம் வருகிறது. எனக்கும் இப்போது வருகிறது!

1967-ல் முதல் மாருத் படைப்பிரிவு அமைந்தது. பயிற்சி விமானங்களையும் சேர்த்து மொத்தம் 147 மாருத்கள் பெங்களூரில் செய்யப்பட்டன. 1971 டிசம்பர் யுத்தத்தில் ராஜஸ்தான் பாலைவனத்தின் மேல் தாழப் பறந்து எதிரியின் டாங்கிகளையும் ரயில்களையும் தாக்கின. தரையிலிருந்து சுட்டதில் சில விழுந்தன. ஆனால் வானத்துச் சண்டையில் எதிரி விமானத்திடம் ஒன்றைக்கூட இழக்கவில்லை. டிசம்பர் 7-ந் தேதி ஸ்குவாட்ரன் லீடர் கே.கே. பக்ஷி என்பவர் மாருத்திலிருந்தே ஒரு சேபர் ஜெட்டை வீழ்த்தினார். குண்டடி பட்டு ஓர் எஞ்சின் நின்றுபோன பிறகும், மற்ற எஞ்சினைக் கொண்டே விமானியைப் பத்திரமாக வீடு சேர்த்த மாருத்களும் உண்டு.

ஆனாலும் வேகம் போதாது என்ற குறை தீரவில்லை. வெளிநாட்டு விமானங்கள் வந்தன. மாருத்கள் எண்பதுகளில் ஒவ்வொன்றாக ஓய்வு பெற்று, 1990-வாக்கில் வானத்தைவிட்டே மறைந்தன. பெங்களூரில் எச்.ஏ.எல். காட்சிச்சாலையில் ஒன்று நிற்கிறது. ஜெர்மனியில் மியூனிக் நகரத்து அருங்காட்சியகத்திலும் ஒன்று இருக்கிறது. செய்ய வந்தவருடைய தேசத்துக்கே ஞாபகப் பொருளாகப் போய்ச் சேர்ந்துவிட்டது!

இதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. குர்ட் டாங்க் 1967-ல் தொழிற்சாலையைவிட்டு விலகினார். அவரிடம் வேலை பழகிய நம் இளைஞர்களுக்கு, மாருத்துக்கு அடுத்தபடியாகச் செய்யச் சொந்தப் போர் விமானம் ஒன்று கிடைக்கவில்லை. காகிதத்தில் வரைந்தவை காகிதத்திலேயே நின்றன. ஒரு தலைமுறை சமையல் கற்றுக்கொண்டு அடுத்த தலைமுறைக்கு அடுப்படியைக் காட்டாமல் விட்டால் என்ன ஆகும்? மகள் முதலிலிருந்து அரிசி களையக் கற்றுக்கொள்ள வேண்டும். மாருத் முதலில் பறந்தது 1961. அடுத்த இந்தியப் போர் விமானமான தேஜஸ் முதலில் பறந்தது 2001 ஜனவரி 4. நடுவில் நாற்பது வருஷம்!

*

காலையில் நம் கீரை முறத்தை அதிர வைத்தது அந்தத் தேஜஸ்தான். தேஜஸின் முதல் படைப்பிரிவு 2016-ல் பெங்களூரில் தொடங்கி, 2018-ல் நம் சூலூருக்குக் குடிவந்தது. இரண்டாவது படைப்பிரிவு 2020 மே மாதம் சூலூரிலேயே அமைந்தது. இன்னொரு சங்கதி: புதிய தேஜஸ்களுக்கான இறக்கைகள் கோயம்புத்தூரிலேயே லார்சன் அண்ட் டூப்ரோ தொழிற்சாலையில் தயாராகின்றன. முதல் ஜோடி 2025-ல் ஒப்படைக்கப்பட்டது. கிரைண்டரும் பம்புசெட்டும் செய்த கோவைக் கைகள் இப்போது இறக்கையும் செய்கின்றன.

"அப்போ எஞ்சின்?" என்று கேட்டாள் அத்தை.

பாருங்கள், கதையின் முடிச்சை எவ்வளவு சுலபமாகப் பிடித்துவிட்டாள்! எஞ்சின் அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியிலிருந்து வருகிறது. 2021-ல் 99 எஞ்சின்களுக்குச் சொல்லி வைத்தோம். அதில் முதலாவது வந்தது 2025 மார்ச் மாதத்தில். உடம்பு தயாராகி நெஞ்சுக்காகக் காத்திருந்தது. நம்முடைய சொந்த எஞ்சின் முயற்சிக்குக் 'காவேரி' என்று பெயர். 1989-ல் அனுமதி கிடைத்தது. தேஜஸைத் தூக்கும் பலம் அதற்குப் போதவில்லை என்று 2008-ல் தேஜஸிலிருந்து பிரித்துவிட்டார்கள்.

ஏன் அவ்வளவு கஷ்டம்? எஞ்சினுக்குள் சுழலும் தகடுகள் இருக்கின்றன. அவற்றின்மேல் வீசும் காற்று, அந்த உலோகமே உருகிப்போகும் சூட்டைவிட அதிகச் சூடு. உருகாமல் இருக்க ஒவ்வொரு தகட்டுக்குள்ளும் மெல்லிய துளைகள் வைத்துக் குளிர்ந்த காற்றைச் செலுத்துகிறார்கள். தகடு முழுவதையும் ஒரே படிகமாக, கற்கண்டு மாதிரி வளர்த்தெடுக்கிறார்கள். உலகத்தில் அதைச் செய்யத் தெரிந்த தேசங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். தெரிந்தவர்கள் விமானத்தை விற்பார்கள், எஞ்சினையும் விற்பார்கள். பக்குவத்தை மட்டும் சுலபத்தில் சொல்லித் தரமாட்டார்கள். ரசப்பொடிக்கு அளவு கேட்டால் சிரித்து மழுப்புகிற மாமிகளை நமக்குத் தெரியாதா?

விலை கொடுப்பது பணத்தால் மட்டும் இல்லை. 2025 நவம்பர் 21-ந் தேதி துபாய் விமானக் கண்காட்சியில் ஒரு தேஜஸ் விழுந்து, விங் கமாண்டர் நமன்ஷ் சியால் உயிரிழந்தார். சூலூரில் பணியாற்றியவர். அவருடைய உடல் முதலில் சூலூருக்குத்தான் வந்தது. அன்றைக்குக் கோவை மாவட்டத்தில் எத்தனையோ வீடுகளில் பெரியவரின் மனைவி பெங்களூரில் உட்கார்ந்திருந்தது போலப் பெண்கள் டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்திருப்பார்கள்.

*

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, சும்மா இருக்க மாட்டாமல், நான் அப்துல் கலாமின் கதையைச் சொன்னேன். குரோம்பேட்டையில் எம்.ஐ.டி. என்ற கல்லூரியை, சி. ராஜம் என்ற செல்வந்தர் தம் மாளிகையை விற்ற பணத்தைக் கொண்டு 1949-ல் ஆரம்பித்தார். விமானப் பொறியியல் கற்பித்த கல்லூரி. ராமேசுவரத்துப் பையன் கலாமுக்கு அங்கே இடம் கிடைத்தது. சேருவதற்குச் சுமார் ஆயிரம் ரூபாய் வேண்டும். வீட்டில் அவ்வளவு பணம் ஏது? அவருடைய அக்கா ஜோஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். தேஜஸ் உருவான வருஷங்களில் நாட்டின் பாதுகாப்பு ஆராய்ச்சிக்கு அந்தத் தம்பிதான் தலைமை வகித்தார். விமானத்தைப் பற்றிய புத்தகங்களில் அக்காவின் வளையலுக்கு அதிக இடம் கிடைப்பதில்லை. நம் பத்திரிகையிலாவது இருக்கட்டும்.

சொல்லி முடித்ததும், சொல்லியிருக்க வேண்டாமோ என்று தோன்றியது. ஏனென்றால் அத்தை மகன் விட்டத்தைப் பார்த்தார். மருமகள் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். வளையலை அடகு வைப்பது கதையில் அழகாக இருக்கும். மாதாமாதம் வட்டி கட்டுகிறவர்களுக்குத்தான் அதன் கனம் தெரியும். எஸ்டேட் குமாஸ்தா வீட்டில் நாலு வருஷத்து விடுதிச் செலவு சின்ன விஷயமில்லை. கலாமாக ஆகாத பிள்ளைகளுக்கும் அக்காமார் வளையலை வைத்திருப்பார்கள் அல்லவா?

நிறைய நேரம் யாரும் பேசவில்லை. வெளியே மழை பிடித்துக்கொண்டது.

"ஏன் கண்ணு, நீ அந்த இறக்கை செய்யறதுக்கா படிக்கப் போறே?" என்று அத்தை கேட்டாள்.

"இல்லை அப்பத்தா. எஞ்சின்."

"அந்த எஞ்சின் படிப்பு எத்தனை வருஷம்?"

"நாலு. அதுக்கு மேலே இன்னும் ரெண்டு வருஷம் படிச்சாத்தான் நல்லது."

அத்தை விரலை மடக்கி ஏதோ கணக்குப் போட்டாள். வருஷத்தை எண்ணினாளா, பவுனை எண்ணினாளா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு மகனைப் பார்த்து, "இரவல் அடுப்பிலே எத்தனை நாளைக்குடா சமைக்கிறது?" என்றாள். அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் எழுந்து போய், செலவுக் கணக்கு எழுதிய நோட்டை மறுபடியும் எடுத்துக்கொண்டு வந்து விளக்கடியில் உட்கார்ந்தார்.

நாளைக் காலை நான் நாற்பது வளைவும் இறங்க வேண்டும். பெரியவர் ஒரு பொட்டலம் தேயிலையும், எப்போதோ செய்த சின்ன மர விமானம் ஒன்றும் கொடுத்திருக்கிறார். விமானம் எனக்கல்ல, பேத்திக்கு, அவளிடம் சேர்த்துவிட்டேன். பேத்தி எதில் சேர்ந்தாள் என்பதைக் கல்லூரி திறந்ததும் இதே பக்கத்தில் எழுதுகிறேன். அதுவரை, உங்கள் தலைக்கு மேலே இடி மாதிரி ஏதாவது சத்தம் கேட்டால், வீட்டுக்குள் ஓடாமல் ஒரு நிமிஷம் அண்ணாந்து பாருங்கள்.